உடையாளூரில் இருந்தது ராஜராஜன் பள்ளிப்படையா, மாளிகையா?

காவிரிக்கரையான்:
போன ஞாயிறு உடையாளூர் போய்விட்டு வந்தேன். கும்பகோணம் வட்டாரத்தில், சோழர் அரண்மனை இருந்த பழையாறைக்குப் பக்கத்து ஊர். தோப்பு ஓரமாக ஒரு கொட்டகை, அதற்குள் மண்ணில் பாதி புதைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் லிங்கம். யாரோ வைத்த செம்பருத்தி வாடிக் கிடந்தது. 1010-ல் தஞ்சையில் அவ்வளவு பெரிய விமானத்துக்குக் குடமுழுக்குச் செய்த ராஜராஜன் அடங்கிய இடம், அவன் பள்ளிப்படை (சமாதிமேல் எழுப்பும் கோயில்) இப்படியா என்று தொண்டையை அடைத்தது. அரசு இன்னும் எதற்காகக் காத்திருக்கிறது?

படியெடுப்பவன்:
அடங்கிய இடம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அந்த லிங்கத்தில் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது.

காவிரிக்கரையான்:
லிங்கத்தில் இல்லை, அதே ஊர்ப் பால்குளத்தம்மன் கோயில் தூணில் இருக்கிறதே ஐயா! முதலாம் குலோத்துங்கனின் 42-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1112. "ஸ்ரீராஜராஜ தேவரான ஸ்ரீசிவபாதசேகர தேவர் திருமாளிகை" என்று வெட்டியிருக்கிறது. சிவபாதசேகரன் யாருடைய பட்டம் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? ஊருக்கே சிவபாதசேகர மங்கலம் என்று பெயர் இருந்திருக்கிறது.

படியெடுப்பவன்:
தூணை நானும் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கில் எழுத்து மங்கி, விரலால் தடவித் தடவித்தான் வாசிக்க முடிந்தது. திருமாளிகையின் முன்னால் இருந்த பெரிய திருமண்டபம் பழுதானது, அதை எடுத்துக் கட்டினார்கள். அவ்வளவுதான் சேதி. 'பள்ளிப்படை' என்ற சொல் அதில் எங்கே?

சோழர்கள் அந்தச் சொல்லை மறைத்தவர்கள் இல்லை. தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் கோயில் எடுத்தபோது, "ஆற்றூர்த் துஞ்சின (இறந்த) தேவர்க்குப் பள்ளிப்படையாக" என்று ராஜராஜனே வெட்டச் சொல்லியிருக்கிறான். அவன் மகன் ராஜேந்திரன், சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறையிலேயே எடுப்பித்த கோயிலிலும் அந்தச் சொல் உண்டு. சிற்றன்னைக்குச் சொன்னவன் பெற்ற அப்பனுக்கு ஏன் சொல்லாமல் விட்டான்?

குடந்தைப்பெண்:
அண்ணா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் காட்டுவதெல்லாம் நிற்கிற கோயில்கள். இடிந்துபோன கோயிலின் கல்வெட்டை எங்கே போய்ப் படிப்பது? 13-ஆம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) எரித்ததாகத் தன் மெய்க்கீர்த்தியிலேயே, அதாவது கல்வெட்டுப் புகழ்ப்பாட்டிலேயே, பெருமை பேசுகிறான். பழையாறை அரண்மனை போன இடம் தெரியவில்லை. பள்ளிப்படை மட்டும் தப்பியிருக்குமா?

படியெடுப்பவன்:
பஞ்சவன்மாதேவி கோயில் தப்பியிருக்கிறதே தங்கச்சி. அதே பழையாறை வட்டாரம்தான். இன்றைக்கும் போய்க் கும்பிடலாம்.

குடந்தைப்பெண்:
ஒன்று தப்பியதால் எல்லாமே தப்பியிருக்கவேண்டும் என்று கட்டாயமா?

பொன்னிநாடன்:
பெரிய கோயில் கோபுரத்திலிருந்து தள்ளிவிட்டுக் கொன்றார்கள், அதான் சமாதியே இல்லை என்று எங்கள் ஊரில் சொல்வார்களே...

படியெடுப்பவன்:
தம்பி, குடமுழுக்கு முடிந்து நாலு வருஷம் உயிரோடு இருந்த மனுஷன். 1014-ல், கடைசி ஆட்சியாண்டில், திருவிசலூரில் துலாபாரம் ஏறித் தன் எடைக்குப் பொன் கொடுத்திருக்கிறார். இந்தக் கதையை இங்கே இழுக்காதீர்கள்.

காவிரிக்கரையான்:
பார்த்தீர்களா, நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். கடைசி வருஷம் திருவிசலூரில். அதுவும் குடந்தைப் பக்கம்தான். கடைசிக்காலத்தை இந்த வட்டாரத்தில் கழித்தவருக்கு இங்கேதானே பள்ளிப்படை எழும்பியிருக்கும்?

படியெடுப்பவன்:
எழும்பியிருக்கலாம். ஆனால் இறந்த ஊரும் பள்ளிப்படை ஊரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. அரிஞ்சயன் இறந்தது ஆற்றூரில், கோயில் மேல்பாடியில். ராஜராஜனின் அப்பா சுந்தர சோழனைப் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்கிறார்கள், முதலாம் ஆதித்தனுக்குத் 'தொண்டைமான் ஆற்றூர்த் துஞ்சின உடையார்' என்று பெயர். ராஜராஜனுக்கு அப்படி ஒரு பெயரும் வழக்கில் இல்லை. ராஜேந்திரனுக்காவது, அவன் இறந்ததைச் சொல்லும் பிரம்மதேசத்துக் கல்வெட்டு இருக்கிறது, அவனோடு உடன்கட்டை ஏறிய வீரமாதேவியின் பெயரோடு.

குடந்தைப்பெண்:
சரி, அந்தத் தூணில் எனக்கு உறுத்துகிற சொல் வேறு. "எழுந்தருளி நின்ற" ராஜராஜ தேவர் என்கிறது. 1112-ல் வெட்டுகிறார்கள். அவர் போய் 98 வருஷம். யார் எழுந்தருளி நின்றது? உயிரோடு இருக்கிறவர் இல்லை, படிமமாகத்தானே இருக்கவேண்டும்? வெறும் மாளிகை என்றால், ஆள் போன பிறகு அவருக்கு அங்கே என்ன வேலை?

படியெடுப்பவன்:
நல்ல கேள்வி. படிமம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ராஜராஜன் திருமேனியை வைத்து வழிபட்ட இடமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் சிலை வைத்து விளக்கேற்றிய இடம் வேறு, சாம்பலையோ எலும்பையோ வைத்து அதன்மேல் லிங்கம் நாட்டிய இடம் வேறு. முதலாவதற்குத் தூண் சாட்சி. இரண்டாவதற்கு ஒன்றுமே இல்லை.

காவிரிக்கரையான்:
2019-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆய்வு செய்யச் சொல்லி, ட்ரோன் பறக்கவிட்டுப் பார்த்தார்களே. ஒன்றுமே இல்லாத இடத்துக்கா?

படியெடுப்பவன்:
இருக்கிறதா என்று பார்க்கத்தான் சொன்னார்கள், இருக்கிறது என்று சொல்லவில்லை. மேலே பறந்து எடுத்த படத்தில் மேடு பள்ளம் தெரியும், பெயர் தெரியாது. குழி போட்டுப் பார்க்கவேண்டும். செங்கல் அடித்தளம் வந்தாலும் அதன் காலம் பார்க்கவேண்டும். அதற்குள் ஆளாளுக்கு மணிமண்டபம் கட்டினால், அஸ்திவாரம் தோண்டுகிற பொக்லைன் இருக்கிற தடயத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். என் பயமெல்லாம் அதுதான்.

காவிரிக்கரையான்:
மணிமண்டபம் வேண்டாம் என்றே வையுங்கள். அந்த லிங்கத்துக்கு ஒரு கூரையாவது ஒழுங்காகப் போடலாமா கூடாதா?

படியெடுப்பவன்:
தாராளமாகப் போடலாம். கால் நட மண்ணை ஆழமாகத் தோண்டாமல் இருந்தால் சரி.

குடந்தைப்பெண்:
அடுத்த வாரம் நான் போகிறேன். தூணை நாலு பக்கமும் படம் பிடித்துப் போடுகிறேன். வெளிச்சம் சாய்வாக விழும் நேரம் எது, காலையா மாலையா அண்ணா?

படியெடுப்பவன்:
எதுவானாலும் ஒரு டார்ச் கொண்டுபோங்கள். பக்கவாட்டில் பிடித்தால்தான் எழுத்து எழும்பும். குருக்களிடம் கேட்டுக்கொண்டு தொடுங்கள்.