அப்பாவுடன் ஏர் பிஸ்டல் பழகுவது எப்படி?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறோம். நான் பழகும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலை (10 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கைச் சுடும் காற்றழுத்தத் துப்பாக்கி) 62 வயது அப்பாவும் ஆசையோடு கையில் எடுத்தார். ஆனால் வெள்ளெழுத்தால் முன் சைட் (குழல் முனையில் உள்ள குறிபார்க்கும் பகுதி) மங்குவதாகச் சொல்லித் தயங்குகிறார். என்ன செய்யலாம்?

பதில் 1: முன் சைட் தெளிவாகவும் இலக்கு அட்டை சற்று மங்கலாகவும் தெரிவதே சரியான பார்வை என்பதை முதலில் அவருக்குச் சொல்லுங்கள். கண் மருத்துவரிடம், நீட்டிய கையின் தொலைவைக் குறிப்பிட்டு, அதற்கேற்ற கண்ணாடி எழுதி வாங்குங்கள். படிக்கும் கண்ணாடி இதற்கு உதவாது. அட்டையின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.தான் என்பதால் தொடக்கத்தில் அட்டையே வேண்டாம், வெள்ளைத் தாளை நோக்கிப் பழகட்டும்.

பதில் 2: என் அம்மாவுக்குக் கை நடுங்கியது, ஐந்து குண்டுக்கு ஒருமுறை கையைத் தாழ்த்தி ஓய்வெடுத்ததும் சீரானது. குண்டு ஈயம், ஆகவே இருவரும் கை கழுவிய பிறகே காபி குடியுங்கள்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. நாளையே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன்.