‘ரீசார்ஜ்’ என்பதற்கு என்ன போடலாம்? திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது

கே. புதூரிலிருந்து:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். அவசரம், நேரே வருகிறேன். ஐடிஐ பிள்ளைகளுக்காக கார் ஏசி பழுதுபார்ப்பது பற்றி பத்துப் பக்கக் கையேடு எழுதுகிறேன். செய்முறைக்கு வந்து நிற்பது 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், கூரையை மடக்கிவிட்டு ஓட்டுவதற்கென்றே செய்தது. மதுரையில் சித்திரை மாதம் கூரையை மடக்கினால் மண்டை வெடிக்கும், அதனால் சொந்தக்காரருக்கு ஏசி வேண்டும். மூன்று கோடையாக வேறொரு பட்டறையில் கேஸ் ஏற்றி ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஆடி பிறக்குமுன் குளிர் போய்விடுகிறது.

சிக்கல் ‘ரீசார்ஜ்’ என்ற சொல், அதாவது ஏசிக்குக் கேஸ் ஏற்றுவது. பழைய கையேட்டில் யாரோ ‘மீள்மின்னேற்றம்’ என்று போட்டுவைத்திருக்கிறார்கள். போன வருடம் ஒரு பையன் அதைப் படித்துவிட்டு பேட்டரியைக் கழற்றி சார்ஜில் போட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு சொல் கொடுங்கள்.

மேலூரிலிருந்து:

தம்பி, முதலில் உள்ளே போகும் பொருளுக்குப் பெயர் வைக்காமல் அதை ஏற்றுவதற்கு எப்படிப் பெயர் வைப்பது? ‘குளிரூட்டி’ என்றால் ஏசியா, ரேடியேட்டரில் ஊற்றுவதா, குழாய்க்குள் ஓடுவதா என்று தெரியாமல் மூன்றுக்கும் அதையே எழுதுகிறார்கள். என் முன்மொழிவு: தண் + இயம் = தண்ணியம். ரீசார்ஜ் என்பது ‘தண்ணியமூட்டல்’. தண்ணீரிலேயே இருக்கும் வேர்தான், தண்மையான நீர் தண்ணீர், அதனால்தான் சுட்டால் வெந்நீர் ஆகிறது. வேர்ச்சொல் நம்மிடம் இருக்கும்போது கடன் எதற்கு?

கப்பலூரிலிருந்து:

ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பட்டறையில் ‘தண்ணியம் ஊட்டு’ என்று சொன்னால் பையன் தண்ணியைத்தான் ஊற்றுவான். சாயங்காலமாக இருந்தால் வேறு தண்ணி. ஏசி லைனுக்குள் போகவே கூடாத பொருள் தண்ணீர். ஒரு சொட்டு ஈரம் இருந்தால், திரவத்தைப் பீய்ச்சிக் குளிரவைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளையில் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும், பத்து நிமிடம் குளிர் வரும், நின்றுவிடும், வண்டியை அணைத்து வைத்தால் உருகி மறுபடி வரும். அதற்குப் பயந்துதான் கேஸ் ஏற்றுமுன் முக்கால் மணி நேரம் பம்பு வைத்து லைனிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து வேக்கம் போடுகிறோம், லைனைத் திறந்தால் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றுகிறோம். இந்தப் பெயர் மட்டும் வேண்டாம் ஐயா.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

வினையை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். ஒரு கலத்துக்குள் ஒன்றை இடுவதற்குத் தமிழில் அழகான வினை ‘பெய்’. மழை பெய்வது மட்டும் அல்ல, வளையை இட்டாலும் பெய்தல்தான், அதனால்தான் ‘பெய்வளை’. குறள் 660-இல் வஞ்சனையால் பொருள் சேர்த்துக் காப்பது சுடாத மண்கலத்தில் நீரைப் ‘பெய்து’ வைப்பதுபோல என்கிறார் வள்ளுவர். புதூர்க்காரரின் மாஸ்டாவும் அந்தப் பச்சைக் கலம்தானே? ஆகவே ‘மீள்பெய்வு’. பெயல், பெய்ம்மை, பெய்நிலை என்று கிளைக்கவும் வழி இருக்கிறது, நாளை விரிவாக எழுதுகிறேன்.

கப்பலூரிலிருந்து:

எங்கள் பக்கம் ‘பெய்வது’ என்றால் சுவரோரம் நின்று செய்வது. பதினெட்டு வயதுப் பையன்கள் முப்பது பேர் இருக்கிற வகுப்பு அது. யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பச்சைக் கலம் என்றீர்களே, அதை விடமாட்டேன், விஷயமே அதுதான். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கு அல்ல, மூடிய வட்டத்துக்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றுவது. குறைந்தால் எங்கோ கசிகிறது, அவ்வளவுதான். ‘மீள்’ என்று சேர்த்தாலே பையன் மனதில் வருடாவருடம் நிரப்பவேண்டிய ஒன்று என்று பதிந்துவிடும். அந்த மூன்று கோடையும் அப்படிப் போனவைதான். புதூர் சார், அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டிப் பார்த்தீர்களா?

கே. புதூரிலிருந்து:

பார்த்தேன். ஓடும்போது நீலம் (தாழ் அழுத்தம்), சிவப்பு (உயர் அழுத்தம்) இரண்டுமே தாழ்வு, கேஸை அமுக்கிச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் கிளட்ச் பிடித்துப் பிடித்து விடுகிறது. கேஸ் குறைவு, சந்தேகமில்லை. கம்ப்ரஸரின் முன்பக்கம் ஷாஃப்ட் சீலைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. கேஸ் போகும் வழியில் எண்ணெயும் கொஞ்சம் போகும் என்பதால் அங்கேதான் கசிவு. கார் மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றிருக்கிறது, சீல் காய்ந்திருக்கும்.

இன்னொன்று. அது ஆர்-12 என்ற பழைய ஏசி கேஸ் காலத்து வண்டி. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஓசோனைக் காப்பதற்காக அந்தக் கேஸ் படிப்படியாக நிறுத்தப்பட்டது, நம்மைப் போன்ற நாடுகளுக்குக் கெடு 2010. ஆகவே ஆர்-134ஏ என்ற வேறு கேஸுக்கு மாற்றவேண்டும். பழைய மினரல் ஆயில் அதனோடு கலக்காது, எஸ்டர் ஆயில் போடவேண்டும், கேஸ் ஏற்றும் வாய்க்கு அடாப்டர் வேண்டும். அளவும் குறைவு, லேபிளில் 800 கிராம் என்றிருந்தால் 650 அளவில் நிறுத்துகிறோம். லைனில் இருக்கும் பார்வைக் கண்ணாடியில் குமிழி மறையும்வரை ஏற்றும் பழைய வழக்கத்தை 134ஏ-இல் நம்பினால் அளவு மிஞ்சிவிடும். தராசில் வைத்துத்தான் ஏற்றவேண்டும். இதில் எங்கே ஐயா ‘மீள்’? புதுச் சரக்கு, புது அளவு.

அண்ணாநகரிலிருந்து:

மெய்ப்புப் பார்ப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் இந்த மூன்று நாளும் எழுதிய மடல்களில் ‘கேஸ் ஏற்றுவது’ என்று எத்தனை முறை வந்திருக்கிறது என்று பாருங்கள். அதையே போடுங்கள். பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்துக்கு இசைத்து எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே சொல்லதிகாரத்தில் வழி விட்டிருக்கிறார்.

மேலூரிலிருந்து:

அம்மா, அவர் விட்ட வழி அயல் எழுத்தை நீக்கி எழுதுவதற்கு. அப்படியானால் ‘கேசு’ என்று எழுதவேண்டும். ‘கேசு போட்டான்’ என்றால் மதுரையில் வக்கீலைத் தேடுவார்கள். தவிர அது முழுக்க கேஸ் கூட இல்லையாம், கேஸை ஆறவைக்கும் கண்டன்ஸரைத் தாண்டினால் திரவம் என்கிறார் கப்பலூர்த் தம்பியே. பிழையான கடன்சொல்லைவிடச் சரியான தமிழ்ச்சொல் மேல்.

அண்ணாநகரிலிருந்து:

அப்போ ‘வாயு’ போடலாமா? வடமொழி என்பீர்கள். எனக்கும் வேண்டாம், சுக்குக் கஷாயம்தான் நினைவுக்கு வரும். ‘வளிமம்’ என்றாலும் திரவச் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. ‘குளிர்பொருள்’ போடுங்கள். ஆவி, திரவம் இரண்டுக்கும் பொருந்தும், கேட்டதும் புரியும், யாருடைய கண்டுபிடிப்பும் அல்ல என்பதால் சண்டையும் வராது.

கே. புதூரிலிருந்து:

இரவு பதினொன்றரை ஆகிறது. தலைப்பில் ‘குளிர்பொருள் ஏற்றம்’, உள்ளே ‘கேஸ் ஏற்றுதல்’. ‘மீள்’ கிடையாது. முதல் வரி: ‘ஏற்றுமுன் கசிவைக் கண்டுபிடி.’ நான்கு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை, அதையும் சரி என்று எடுத்துக்கொள்கிறேன். திருப்பரங்குன்றத்தாரின் பெயல் கட்டுரையை நிதானமாகப் படிக்கிறேன், இன்று வேண்டாம்.

மேலூரிலிருந்து:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். எங்கள் தோட்டத்தில் ஏற்றம் இருந்தது. அது கிணற்றிலிருந்து நீரை வெளியே இறைப்பது, உள்ளே போடுவது அல்ல. குளிர்பொருளேற்றம் என்று படிக்கிற மேலூர்ப் பையன் குழாயில் இருப்பதையும் இறைத்துவிட்டு வந்து நின்றால், அவனைத் திட்டவும் உங்களுக்கு வாய் வராது தம்பி.