கட்டுரை எழுதினால் ஜாமீன்

(குழு: நம்ம சந்து, ராயபுரம்)

செல்வி: மணி உள்ளே போய் இன்றோடு 23 நாள். ஜாமீன் உத்தரவு போன வாரமே வந்துவிட்டது. ஜாமீன்தாரர் இரண்டு பேர் கிடைக்காமல் பிள்ளை அங்கேயே கிடக்கிறான்.

அந்தோணி: கேரம் கிளப் வாசலில் தள்ளுமுள்ளு. ஒரு பல்கூட உடையவில்லை. அதற்கா இத்தனை நாள்?

நாகு மாமா: அவன்மேல் ஏற்கெனவே நூற்றுப்பத்து இருக்கே, அதான் ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்குகிற கேஸ். ஒரு தடவை அந்த நோட்டில் பெயர் ஏறினால் ஏறியதுதான்.

செல்வி: மாமா, அது பொங்கல் சமயம் டீக்கடையில் நின்றதற்குப் போட்டது!

திவ்யா: 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் போர்ஷே காரை ஏற்றி இரண்டு ஐடி இன்ஜினியர்கள் செத்தார்கள், ஞாபகம் இருக்கா அத்தை? 15 மணி நேரத்தில் ஜாமீன். நிபந்தனை, சாலை விபத்து பற்றி 300 வார்த்தைக் கட்டுரை.

அந்தோணி: நம்ம மணிக்குக் கட்டுரை வேண்டாம். கையெழுத்தே இரண்டு வரிக்குப் போகும் 😂

செல்வி: சிரிக்காதே அந்தோணி.

அந்தோணி: சாரிக்கா.

திவ்யா: நாடு முழுக்கக் கத்திய பிறகுதான் அந்தப் பையனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். ரத்த மாதிரியையே மாற்றிவிட்டார்கள் என்று டாக்டர்களும் கைதானார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். 2013-ல் டெக்சாஸில் 16 வயதுப் பையன் குடித்துவிட்டு ஓட்டி 4 பேரைக் கொன்றான். வசதியாக வளர்ந்ததால் நல்லது கெட்டது தெரியவில்லை என்று மனநல நிபுணர் சாட்சி சொன்னார். சிறை இல்லை, 10 வருடம் கண்காணிப்பு மட்டும்.

நாகு மாமா: வசதியும் ஒரு வியாதியா? நம் பக்கத்தில் யாருக்கும் தொற்றவில்லையே.

ரேவதி: மாமா, நான் ஆஸ்பத்திரி வார்டில் பார்ப்பதைச் சொல்கிறேன். குற்ற உணர்ச்சியே இல்லாத ஆட்கள் நிஜமாகவே உண்டு. ஆனால் 18 வயதுக்கு முன் யாருக்கும் 'சமூகவிரோத ஆளுமைக் கோளாறு' என்று அதற்குப் பெயர் வைக்க மாட்டார்கள். பணக்கார வீட்டுப் பையன் என்றால் 'மனநிலை', நம் பையன் என்றால் 'ரவுடி'. அதை எந்த டாக்டரும் எழுதுவதில்லை, எஃப்ஐஆர் எழுதுகிறது.

நாகு மாமா: 1996-ல் சிதம்பரம் மருத்துவ மாணவர் கொலை. கொன்ற சீனியர் மாணவருக்கு 1998-ல் இரட்டை ஆயுள், 2001-ல் ஹைகோர்ட்டில் விடுதலை, 2011-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி உள்ளே போட்டது. பணம் எப்போதும் ஜெயிப்பதில்லை திவ்யா.

திவ்யா: செத்துப்போன மாணவரின் அப்பா துணைவேந்தர் மாமா. மீன் மார்க்கெட்டில் கூடை தூக்குகிறவர் மகன் என்றால் 15 வருடம் அந்த வழக்கை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

நாகு மாமா: …அதுவும் சரிதான்.

செல்வி: இனிமேல் வாயைத் திறந்தால் குண்டாஸ் என்கிறார்கள். ஒரு வருடமாம்.

திவ்யா: பயப்படாதீர்கள் அத்தை. தள்ளுமுள்ளுக்கெல்லாம் அது நிற்காது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளரே இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 2023-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. திங்கட்கிழமை நாமே போய் மனு கொடுப்போம்.

அந்தோணி: அப்புறம், ஒரு ஜாமீனுக்கு நான் வருகிறேன். வீட்டு வரி ரசீது மாமியார் பெயரில் இருக்கு, பரவாயில்லையா?

திவ்யா: அப்போ மாமியாரையே கூட்டி வாங்க அண்ணா.

அந்தோணி: அதற்கு மணி உள்ளேயே இருக்கலாம் 🙏