கல்லின் வயசா, கல் வானம் பார்த்த வயசா? அவசரமா ரெண்டு சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம்.

நிலவியல் துணைப்பாட நூல் ஒண்ணு மொழிபெயர்த்துட்டு இருக்கேன், திங்கக்கிழமை காலைல கொடுத்தாகணும், ரெண்டு சொல்லுல வந்து நிக்குது. இங்கிலாந்துல யார்க்‌ஷயர் டேல்ஸ் மேட்டுநிலத்துல நார்பர்னு ஒரு சரிவு. வெளுத்த சுண்ணாம்புக்கல் தரை மேல கறுப்புக் கறுப்பா பெரிய கல்லுங்க உக்காந்திருக்கு. அந்தக் கல்லு உருவாகி 40 கோடி வருசத்துக்கு மேல ஆச்சு, அடில இருக்கற சுண்ணாம்புக்கல்லுக்கு 30 கோடிச் சொச்சம்தான், ஆக மூத்தது மேல, இளையது கீழ. பனிப்பாளம் பக்கத்துலேருந்து பேத்து எடுத்துட்டு வந்து இறக்கி வெச்சுட்டு உருகிப் போச்சு. காஸ்மிக் கதிர் பட்டு கல்லுல உருவாகற குளோரின்-36ங்கற அணுவை அளந்து பாத்ததுல, அந்தக் கல்லு வெளிய வந்து ஏறக்குறைய 18,000 வருசம்னு தெரிஞ்சிருக்கு.

பிள்ளைங்க "இந்தக் கல்லுக்கு என்ன வயசு"ன்னு கேட்டா எதைச் சொல்றது? எக்ஸ்போஷர் ஏஜுக்கு, அதாவது கல்லு வெளிய வந்து ஆன காலத்துக்கு, முதல்ல "வெளிப்பாட்டு வயது"ன்னு போட்டேன், வெளிப்பாடுன்னாலே மனசு கவிதை, உணர்ச்சின்னு போயிடுது. டீகிளேசியேஷனுக்கு, அதாவது பனிப்பாளம் உருகிக் குறையறதுக்கு, "பனி நீக்கம்", அது யாரோ கையால வழிச்சு எடுத்த மாதிரி இருக்கு. "பின்வாங்கல்" போடலாம்தான், ஆனா பனி பின்னாடி நடந்து போறதே இல்ல. பனி எப்பவும் முன்னாடிதான் நகருது, விளிம்புல வர்றதை விட உருகறது அதிகமா இருந்தா விளிம்பு மட்டும் மேல மேல போகுது. உதவுங்க.

-----

> பனி நீக்கம்

அம்மா, நீக்கத்தை விடுங்க, "பனி"யிலயே கோளாறு இருக்கு. பனித்தல்னா நடுங்குதல், துளித்தல். கண்பனின்னா கண்ணீர். மார்கழிக் காலைல புல்லு மேல நிக்கறதும் பனி, ஒரு கிலோமீட்டர் தடிமனுக்கு மலையை மூடிக் கெடந்ததும் பனியா? கெட்டிப்பட்ட நீருக்கு நம்மகிட்ட ஆலி இருக்கு. ஆலங்கட்டி மழைன்னு இன்னைக்கும் கிழவிகள் சொல்றாங்க, ஆலம்னா நீர்னு நிகண்டு சொல்லுது, ஆலம் கட்டியானா ஆலங்கட்டி. ஆகவே ஆலிப்பாளம், ஆலியாறு. இன்னொரு பக்கம் ஆலித்தல்னா ஒலித்தல், மயில் ஆலும்னு சொல்றோம், கூரை மேல கல்மழை விழற சத்தத்துலேருந்தே ஆலி வந்திருக்கலாம்னும் எனக்கு ஒரு எண்ணம், அதை விரிவா பிறகு எழுதறேன்.

வயதுக்கு "வானோக்கு வயது" வைங்க. வள்ளுவர் வானோக்கி வாழும் உலகுன்னாரு, மழையை நம்பி இருக்கற நிலத்தை இன்னைக்கும் வானம் பார்த்த பூமின்னுதான் சொல்றோம். கல்லும் பனிக்கடியிலேருந்து வெளிய வந்து வானம் பார்த்த நாள்லேருந்துதான் கணக்கு.

-----

ஐயா சொல்ற வானோக்கு அழகா இருக்கு, ஆனா வகுப்புல நிக்கறவன் நான், பதினொண்ணாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கறேன். வானோக்குன்னா பையன் வெயில், மழைன்னு நினைப்பான். இங்க வேலை செய்யறது காஸ்மிக் கதிர். விண்வெளிலேருந்து வர்ற கதிர், கல்லுக்குள்ள இருக்கற குவார்ட்ஸ்ங்கற கனிமத்துல உள்ள ஆக்சிஜன் அணுவை உடைச்சு பெரிலியம்-10 ஆக்குது, கடல்மட்டத்துல ஒரு கிராம் குவார்ட்ஸுக்கு வருசத்துக்கு நாலஞ்சு அணுதான், மலை மேல போகப் போக கூடும். மேல தடிமனா பனி கெடந்தா கதிர் எட்டாது, எண்ணிக்கை ஏறாது. அதனால "காஸ்மிக் கதிர் காலக்கணிப்பு"ன்னு நேரா சொல்லிடலாமே.

ஆலிப்பாளம் வேண்டாம் ஐயா. பாடப்புத்தகத்துல பனியாறுன்னு படிச்சு ஒரு தலைமுறையே வளந்தாச்சு. சரியான சொல்லு, நிலைச்ச சொல்லு ரெண்டும் ஒண்ணில்ல. ஸ்காட்லாந்துல கிளென் ராய் பள்ளத்தாக்குச் சரிவுல 260, 325, 350 மீட்டர் உயரத்துல மூணு கோடு இழுத்த மாதிரி ஓடுது, அதுக்குப் பேரு இணைச் சாலைகள். டார்வின் 1839ல அது பழைய கடற்கரைன்னு எழுதினாரு, அடுத்த வருசமே பனியாறுகளை ஆராஞ்ச சுவிஸ் அறிஞர் அகாசி வந்து பாத்துட்டு பனி அணை கட்டித் தேக்கின ஏரியோட கரைன்னாரு, அதுதான் சரின்னு ஆச்சு. டார்வினும் தான் தப்புப் பண்ணதைப் பிற்பாடு ஒத்துக்கிட்டாரு. சாலையும் இல்ல, கடற்கரையும் இல்ல, ஆனா பேரு இன்னும் சாலைதான்.

-----

வணக்கம். யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். கடல் ஏறி இறங்கிறதை நாங்கள் வற்றுப்பெருக்கு எண்டுதான் பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள். பனிக்கும் அதையே வைக்கலாம்தானே? பனி வளர்ந்தால் பனிப்பெருக்கு, குறைஞ்சால் பனிவற்று. ஆரும் நீக்கவும் இல்லை, ஆரும் பின்வாங்கவும் இல்லை, வெள்ளம் வத்தின மாதிரித்தான். ஸ்கொட்லாந்து மேட்டுநிலத்தில எல்லாம் உருகி முடிஞ்சுது எண்டு இருக்க, 12,900க்கும் 11,700க்கும் இடைப்பட்ட வருசங்களுக்கு முன்னால திரும்பவும் குளிர் வந்து பனி பெருகினது, அதுக்கு "மீள்பெருக்கு" எண்டால் சோடி பொருந்தி வரும்.

கல்லுக்கு என்ன சொல்லப் போறியள், தங்கச்சி? "வந்தேறிக் கல்" எண்டு ஒரு இடத்தில கண்டனான். தயவுசெய்து அது வேண்டாம். அந்தச் சொல்லால ஆக்களை ஏசுறவை. இடம்பெயர்ந்து வாழ்ந்த ஆக்கள் நாங்கள், ஒரு கல்லைக்கூட அப்பிடிச் சொல்லக் கூடாது.

-----

அண்ணா, பனிவற்று ரொம்பப் பிடிச்சுது, எடுத்துக்கறேன். "வற்றல்"னு மட்டும் எழுத மாட்டேன், இங்க அது வெயில்ல காயவெச்ச வத்தலைத்தான் குறிக்கும். வந்தேறிக் கல் நூல்ல வராது, "கொணர்கல்"னு போட்டிருக்கேன், பனி கொண்டுவந்த கல்லுங்கறது அதுலயே இருக்கு.

வாத்தியாரய்யா, உங்க சொல்லு எதை அளக்கறோம்னு சொல்லுது, எந்த நாள்லேருந்து எண்றோம்னு சொல்லலயே. எனக்கு வேண்டியது அதுதான். பனி அடில நல்லாச் சுரண்டாம விட்டிருந்தா கல்லுல பழைய அணு தங்கி வயசு கூடிக் காட்டும், கல்லு மண்ணுக்குள்ள கெடந்து பிற்பாடு வெளிய வந்திருந்தா குறைச்சுக் காட்டும். ரெண்டுலயும் நமக்குக் கெடைக்கறது அந்தக் கல்லு மொத்தமா எவ்வளவு காலம் வானம் பாத்துச்சுங்கறது மட்டும்தான், பனி போன நாள் நாம அதுலேருந்து ஊகிக்கறது. "பனி விட்ட வயது"ன்னு பேரு வெச்சா ஊகத்தையே அளவாக்கிடுவோம். வானோக்கு வயது அந்தத் தப்பைப் பண்ணல. கதிர் விசயத்தை முதல் பத்தியிலயே விளக்கிடறேன்.

ஆக, டீகிளேசியேஷனுக்குப் பனிவற்று, எக்ஸ்போஷர் ஏஜுக்கு வானோக்கு வயது. இதையே வெச்சு அனுப்பறேன்.

-----

வானோக்கு வந்ததுல மகிழ்ச்சி. ஆனா "பனிவற்று"ல பனி இருக்கற வரைக்கும் நான் ஒத்துக்கலன்னு பதிஞ்சு வெச்சுக்குங்க. ஆலிவற்றுதான் சரி. மயில் ஆலுதலையும் சேத்து நாளைக்கு விரிவா எழுதறேன்.