விரிதாளில் ‘இறக்குமதி’ வேண்டாம்: ‘பகுத்தெடுத்தல்’ என்று ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டடங்களின் வெப்பத்தைக் கணினியில் கணிப்பது பற்றிய கையேட்டுக்குக் கலைச்சொல் சேர்த்துவருகிறோம். அதில் ஒரு சொல் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பாவனையாக்க மென்பொருள் தரும் முடிவுக் கோப்பை விரிதாளுக்குள் (எக்செல் போன்ற அட்டவணை மென்பொருளுக்குள்) கொண்டுவரும் செயலுக்கு ‘இறக்குமதி’ என்று எழுதியிருக்கிறோம். பல மென்பொருள்களின் தமிழாக்கத்திலும் இதுதான் இருக்கிறது. இருந்தாலும் இதை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. (சிமுலேஷன் என்பதற்குப் பாவனையாக்கமா உருவகப்படுத்தலா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. கையேட்டில் உள்ளபடி பாவனையாக்கம் என்றே எழுதுகிறேன்.)

மொரீசியஸில் இறக்குமதி என்றால் போர்ட் லூயிஸ் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். அரிசியும் எரிபொருளும் கப்பலில் வருகின்றன. ஏறிய சரக்கு அப்படியே இறங்கும். அரிசி மூட்டை இங்கே வந்ததும் கோதுமை மூட்டையாகிவிடாது. விரிதாளில் அப்படி மாறிவிடுகிறது, சிக்கலே அதுதான்.

கட்டட வெப்பத்தையும் ஆற்றலையும் கணிக்கும் எனர்ஜிபிளஸ் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுக் கணிப்பை மணிக்கு ஒரு வரியாக எழுதச் சொன்னால் 8,760 வரிகள் வரும். ஒவ்வொரு வரியிலும் நாளும் நேரமும் சேர்ந்த ஒரு துண்டு, அறை வெப்பநிலை, குளிரூட்டலுக்கான ஆற்றல் என்று காற்புள்ளி இட்டு வரிசையாக நிற்கும். எண்களின் பதின்மப் பகுதியைப் புள்ளி பிரிக்கும், 24.6 என்பதுபோல. இந்தக் கோப்பை நம் ஊர் அலுவலகக் கணினியில் திறந்து பாருங்கள். ஒரு மேசையில் கணினி ஆங்கில அமைப்பில் இருக்கும், பக்கத்து மேசையில் பிரெஞ்சு அமைப்பில் இருக்கும். பிரெஞ்சு அமைப்பில் பதின்மத்துக்குக் காற்புள்ளி, பட்டியலைப் பிரிக்க அரைப்புள்ளி. அதனால் எக்செலில் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் முழு வரியும் முதல் நெடுவரிசையிலேயே குவிந்துவிடும். சரி, காற்புள்ளியில் பிரி என்று சொன்னாலும் 24.6 என்பது எண்ணாகாமல் எழுத்தாகவே நிற்கும். அந்த நெடுவரிசையைக் கூட்டினால் விடை 0. பிழைச் செய்தி எதுவும் வராது.

மறுதிசையில் இன்னும் மோசம். பிரெஞ்சு அமைப்பில் சேமித்த 24,615 என்ற வெப்பநிலை ஆங்கில அமைப்பில் இருபத்து நாலாயிரத்து அறுநூற்றுப் பதினைந்து ஆகிவிடும்.

தேதி இதைவிடப் பொல்லாதது, ஏனென்றால் அதில் தவறு கண்ணில் படாது. எனர்ஜிபிளஸ் மாதத்தை முன்னால் எழுதும், ஆண்டை எழுதாது. 07/01 என்றால் ஜூலை 1. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த முறைப்படி அது ஜனவரி 7. கியூர்பிப் மேட்டு நிலத்தில் ஜூலை என்றால் கம்பளிச் சட்டை வேண்டும், ஜனவரியில் புழுக்கம். நெடுவரிசையின் வகையை நாள்-மாதம் என்று கொடுத்துவிட்டால் ஜூலைக் குளிர் ஜனவரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். 07/13 போன்றவை தேதியாகவே ஏறாமல் நிற்கும். சில தவறான தேதியாகவும் மற்றவை எழுத்தாகவும் நிற்கும் அந்த நெடுவரிசையை வைத்து வரைபடம் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் 24:00:00 இருக்கிறது. மென்பொருள் ஒவ்வொரு மணியையும் அது முடியும் நேரத்தால் குறிக்கிறது, ஆகவே நாளின் கடைசி வரி 24 மணி. விரிதாளுக்கோ 24 மணி என்பது மறுநாள் தொடக்கம்.

ஆகவே இந்தச் செயலில் நடப்பது இறக்கி வைப்பதல்ல, வாசிப்பு. எந்தக் குறியில் வெட்டுவது, எந்தத் துண்டு எண், எது தேதி, எது வெறும் எழுத்து என்று தீர்மானிப்பது. லிப்ரெஆபிஸின் விரிதாள் மென்பொருளான கால்கின் சாளரம் இதையேதான் நம்மிடம் கேட்கிறது: எழுத்துக் குறியாக்கம், மொழி, எந்த வரியிலிருந்து, எந்தப் பிரிப்பான், நெடுவரிசை ஒவ்வொன்றும் என்ன வகை. ‘இறக்குமதி’ என்று தலைப்பிட்டால் மாணவர் இது தானாக நடக்கும் வேலை என்று நினைத்துச் ‘சரி’ பொத்தானை அழுத்திவிடுவார்.

இன்னொன்று, பதிவிறக்கம் ஏற்கெனவே நன்றாக வேரூன்றிய சொல். ‘பதிவிறக்கு’, ‘இறக்குமதி செய்’ இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் புதிதாகப் படிப்பவர் தடுமாறுவது நியாயம்தான்.

என் முன்மொழிவு: பகுத்தெடுத்தல். ஏவலில் ‘பகுத்தெடு’. முதலில் ‘பகுத்தேற்று’ என்று யோசித்தேன், ஏற்றுமதிக்குப் பக்கத்தில் வைத்தால் அது வெளியே அனுப்புவதுபோல் ஒலிக்கிறது. ‘உள்வாங்கல்’ என்று இங்கே இருவர் சொன்னார்கள். நல்ல சொல், ஆனால் அதிலும் பகுக்கும் வேலை தெரியவில்லை. தவிர, கடல் உள்வாங்கியது என்றால் நமக்கு நீர் விலகிப் போனது என்று பொருள். தீவில் இருந்துகொண்டு அதை மறக்க முடியவில்லை.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மறுமொழி

அன்புள்ள தம்பி,

நான் தமிழ் கற்பிப்பவள், விரிதாளில் மதிப்பெண் பட்டியல் போடுவதோடு சரி. ஆனால் ‘பகுத்தெடுத்தல்’ என்றதும் எனக்குப் பகுபத உறுப்பிலக்கணம்தான் நினைவுக்கு வந்தது. ‘நடந்தனன்’ என்ற சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரிக்கிறோம். வெட்டினால் மட்டும் போதாது, வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று சொன்னால்தான் மதிப்பெண். நீங்கள் விவரிப்பதும் அதுவேதான். ‘பகு’ என்ற வேர் இந்த இடத்துக்குப் பொருத்தமானது என்று இலக்கணம் படித்த எவரும் ஒப்புக்கொள்வார்.

ஆனால் இரண்டு கேள்விகள். கைப்பேசியில் ஒரு படத்தைக் கட்டுரைக்குள் கொண்டுவருவதற்கும் இம்போர்ட் என்றுதானே சொல்கிறார்கள்? அங்கே எதைப் பகுப்பது? இரண்டாவது, சுருக்கிய கோப்பைப் ‘பிரித்தெடு’ என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. பிரித்தெடு, பகுத்தெடு இரண்டும் மிக நெருக்கம். பதிவிறக்கத்துக்கும் இறக்குமதிக்கும் நீங்கள் சொன்ன அதே குறை இங்கேயும் வராதா?

அக்காவுக்கு வணக்கம்.

பகுபதத்தை எடுத்துக்காட்டியதற்கு மிக்க நன்றி. கையேட்டில் அந்தப் பத்தியை ‘நடந்தனன்’ எடுத்துக்காட்டுடனேயே தொடங்க விரும்புகிறேன், நீங்கள் சம்மதித்தால்.

முதல் கேள்விக்கு: எல்லா இம்போர்ட்டுக்கும் ஒரே சொல் வேண்டியதில்லை. படம் பகுக்கப்படாமல் முழுதாக வருகிறது, அதற்குச் ‘சேர்’ போதும். உரைக் கோப்பை எண்ணும் தேதியுமாக மாற்றும் இடத்தில் மட்டும் ‘பகுத்தெடு’. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் அடங்கிய இரண்டு செயல்களைத் தமிழில் இரண்டாகச் சொல்வதில் குறைவு எதுவும் இல்லை.

இரண்டாவது கேள்வி கனமானது. பிரித்தெடுப்பில் உள்ளே இருப்பது எப்படி இருந்ததோ அப்படியே வெளியே வரும். பகுத்தெடுப்பில் நாம் சொல்லும் விதிப்படிதான் வரும். பொருளில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது, ஒலியில் நெருக்கம் இருப்பது உண்மை. ஆனால் இந்த இரண்டும் ஒரே சாளரத்தில் வருவதில்லை. பதிவிறக்கமும் இறக்குமதியும் அடுத்தடுத்து வருகின்றன. அதனால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மென்பொருளின் பட்டியில் (மெனுவில்) ‘உரைக் கோப்பைப் பகுத்தெடு’ என்று முழுதாக எழுதினால் மயக்கம் இன்னும் குறையும்.

இதை ஒட்டி இன்னொரு சொல்லையும் முடிவு செய்ய வேண்டும். கால்கில் நெடுவரிசை வகைகளில் ‘அமெரிக்க ஆங்கிலம்’ என்று ஒன்று உண்டு. கணினி பிரெஞ்சு அமைப்பில் இருந்தாலும் இதைத் தேர்ந்தால் 24.6 எண்ணாகவே வந்துவிடும். நம் ஊருக்கு மிகவும் தேவையான வசதி, ஆனால் பெயரைப் பார்த்து இது பதின்மப் புள்ளிக்கானது என்று யாருக்கும் தோன்றாது. ‘புள்ளிப் பதின்மம்’ என்று வைக்கலாமா? ஆனால் அந்த வகை தேதியையும் அமெரிக்க முறையில், மாதத்தை முன்வைத்தே வாசிக்கிறது. பெயரில் இரண்டும் தெரிய வேண்டும். எனக்கு இன்னும் அகப்படவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.