மர்ச்சன்ட் நேவி குடும்பத்தினர் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டனின் ‘பெர்சுவேஷன்’ கதையை இன்றைய சென்னைக்குக் கொண்டுவந்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1817 கடைசியில் வந்த புத்தகம். பெரியவர் பேச்சைக் கேட்டுக் கடற்படைக்காரனை வேண்டாமென்ற நாயகி ஆன், ஏறக்குறைய எட்டு வருடம் கழித்து, 27 வயதில் அவனை மறுபடி பார்க்கிறாள். என் நாயகிக்கு ஊர் மயிலாப்பூர், தடுத்தது பெரியம்மா (இதை நம்மூரில் யாரும் நம்பிவிடுவார்கள்). நாயகன் மர்ச்சன்ட் நேவி, அதாவது வணிகக் கப்பலில் வேலை.

சிக்கல், கடைசியில் அவன் அவளுக்கு எழுதும் காதல் கடிதத்தில்தான். மூலத்தில், அவள் பேசுவதைக் காதில் வாங்கியபடியே அதே அறையில் உட்கார்ந்து எழுதுவான். வாட்ஸ்அப் என்றால் சப்பென்று இருக்கிறது; நீல டிக் விழுந்ததும் பதற்றமே போய்விடுகிறது. கல்யாண மண்டபத்தில் மொய்க் கவரின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்வீர்களா?

அப்புறம், நடுக்கடலில் நெட் கிடைக்குமா? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.