200 வந்தது, வேலை மட்டும் நடக்கவில்லை

எங்கள் வாடிக்கையாளரின் கடையில் ஆர்டர் போட்டால், அது தானாகக் கிடங்கு மென்பொருளுக்குப் போய்ச் சேர வேண்டும். திடீரென்று சில ஆர்டர்கள் மட்டும் போகவில்லை. வெப் சர்வீஸ் எல்லா அழைப்புக்கும் 200 ("சரி" என்ற எச்டிடிபி பதில்) கொடுத்திருந்தது, லாகில் ஒரு எர்ரர்கூட இல்லை. கிடங்குப் பக்கம் கேட்டால் "எங்களுக்கு வரவே இல்லையே" என்றார்கள். இரண்டு பக்கமும் சொன்னது உண்மை.

நடுவில் ராபிட்எம்க்யூ இருந்தது. செய்திகளைக் கியூவில் காத்திருக்க வைத்து, ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கும் மென்பொருள் அது. அதில் செய்தியை நேராகக் கியூவில் போடுவதில்லை. எக்ஸ்சேஞ்ச் என்ற பிரித்தனுப்பும் பகுதியிடம் கொடுக்கிறோம், அது செய்தியோடு வரும் ரூட்டிங் கீ என்ற அடையாளச் சொல்லைப் பார்த்துப் பொருத்தமான கியூவுக்கு அனுப்புகிறது. பொருந்துகிற கியூ எதுவும் இல்லையென்றால் செய்தியைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். பப்ளிஷர் கன்ஃபர்ம் (செய்தி கிடைத்ததை அனுப்பியவருக்கு உறுதிசெய்யும் வசதி) வைத்திருந்தாலும் "வாங்கிக்கொண்டேன்" என்ற பதில்தான் வரும், பலர் கவனிக்காத இடம் இது. மேன்டேட்டரி என்று குறித்து அனுப்பினால்தான் செய்தி திரும்பி வரும். அதைக் கையில் வாங்கிப் பார்க்கும் நிரலும் நம் பக்கம் வேண்டும்.

புதிதாகச் சேர்த்த ஒரு ஆர்டர் வகைக்கு, எக்ஸ்சேஞ்சைக் கியூவோடு இணைக்கும் பைண்டிங்கே போடப்படவில்லை. எக்ஸ்சேஞ்சுக்குள் வருவதையும் வெளியே போவதையும் மேனேஜ்மென்ட் திரையில் ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. இப்போது வழி தெரியாத செய்திகளுக்கென்று ஆல்டர்நேட் எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்கிறோம். அதன் கியூவில் ஒன்று விழுந்தாலும் எச்சரிக்கை வரும்.

* * *

எங்களிடம் இதே மாதிரி நடந்தபோது செய்தி கியூ வரைக்கும்கூடப் போகவில்லை அண்ணா. சர்வரை எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றி, பழைய முகவரியிலிருந்து 301 ரீடைரக்ட் ("முகவரி மாறிவிட்டது, அங்கே போ" என்ற பதில்) வைத்தார்கள். எதிர்ப்பக்க நிறுவனம் பழைய முகவரிக்கே போஸ்ட் (தரவை அனுப்பும் அழைப்பு) அனுப்பிக்கொண்டிருந்தது. 301 வந்தால் பல லைப்ரரிகள் போஸ்ட்டை கெட்டாக (பக்கத்தைக் கேட்டு வாங்க மட்டும் செய்யும் அழைப்பாக) மாற்றிவிடும், உள்ளே இருந்த தரவும் போய்விடும். அந்த முகவரியில் கெட் கேட்டால் "சர்வீஸ் இயங்குகிறது" என்று ஒரு பக்கம் வரும், அதற்கும் 200தான்! அவர்கள் திரையில் எல்லாமே பச்சை.

ஆக்சஸ் லாகில் போஸ்ட் இருக்க வேண்டிய இடத்தில் கெட் இருந்ததைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. 301-க்குப் பதில் 308 ரீடைரக்ட் போட்டால் போஸ்ட் போஸ்ட்டாகவே போகும். ஆனால் முதல் அழைப்பு மறையாக்கம் இல்லாமலேதான் வரும் என்பதால் அதோடு விட்டுவிடக் கூடாது. முகவரியை மாற்றச் சொல்லி விடாமல் கேட்டு மாற்ற வைத்தோம்.

* * *

ப்ரொடக்ஷனில் (நிஜப் பயன்பாட்டில்) மட்டும், அதுவும் எப்போதாவது மட்டும் நடக்கிறது என்றால், தரவுத்தள டிரான்சாக்ஷன் (சேர்ந்தே நடக்க வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) எங்கே முடிகிறது என்று பாருங்கள். நான் பார்த்த சர்வீஸ் தரவுத்தளத்தில் ஆர்டரை எழுதி, அது கமிட் ஆவதற்கு (நிலையாகப் பதிவாவதற்கு) முன்பே கியூவில் செய்தி போட்டுவிட்டது. கியூவைக் கவனித்து வேலை செய்யும் வொர்க்கர் அதை வேகமாக எடுத்துத் தேடும், தரவுத்தளத்தில் அந்த ஆர்டர் இன்னும் இருக்காது. "இல்லை" என்று எழுதிவிட்டு வெற்றிகரமாக முடிந்ததாகக் கணக்குக் காட்டிவிடும். சோதனை இயந்திரத்தில் வொர்க்கர் மெதுவாக ஓடியதால் கடைசி வரை தெரியவில்லை. அவுட்பாக்ஸ் அட்டவணை (அனுப்ப வேண்டிய செய்திகளுக்குத் தரவுத்தளத்திலேயே ஓர் இடம்) வைத்து, ஆர்டரையும் செய்தியையும் ஒரே டிரான்சாக்ஷனில் எழுதச் சொன்னேன். அப்புறம் அந்தப் புகார் வரவில்லை.

* * *

வெப்ஹூக் (ஏதாவது நடந்ததும் இன்னொரு சேவை நம் முகவரிக்குத் தானாக அனுப்பும் அழைப்பு) கையாள்பவர்களுக்கு ஒன்று. அனுப்புகிறவர் திரும்ப அனுப்புவாரா என்பதை முதலிலேயே படித்துவிடுங்கள். பணம் செலுத்தும் சேவையான ஸ்ட்ரைப் லைவ் முறையில் (சோதனை அல்லாத நிஜப் பயன்பாட்டில்) 3 நாள் வரை முயலும். நிரல்களை வைத்துக்கொள்ளும் தளமான கிட்ஹப் 10 விநாடிக்குள் பதில் எதிர்பார்க்கும், தவறினால் தானாகத் திரும்ப அனுப்பாது, நாமாகத்தான் கேட்க வேண்டும். அனுப்பியவரின் டிஜிட்டல் கையெழுத்துச் சரிபார்ப்பு தோற்றால், வந்த ஜேசன் தரவைப் பிரித்து மறுபடி சேர்த்ததன் மேல் கணக்குப் போடுகிறீர்களா என்று பாருங்கள். வந்த பைட்டுகள் மேல்தான் போட வேண்டும், ஒரு இடைவெளி மாறினாலும் பொருந்தாது.

* * *

எல்லோருக்கும் நன்றி. முதலில் கிடங்கு ஆர்டர் பிரச்சினையை எழுதியது நான்தான். விட்டுப்போன ஆர்டர்களை எப்படி மீட்டோம் என்று தனியாகச் சிலர் கேட்டார்கள். கிடங்கின் ஒப்புகை எண் இல்லாத ஆர்டர்களைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து மறுபடி அனுப்பினோம். அதற்கு முன், ஒரே ஆர்டர் எண் இரண்டு முறை வந்தால் இரண்டாவதை ஒதுக்கும்படி கிடங்குப் பக்கத்தில் ஏற்பாடு செய்துகொண்டோம். இல்லாவிட்டால் ஒருவருக்கே இரண்டு பெட்டி போயிருக்கும். இந்த ஒப்பீடு இப்போது தினமும் இரவில் தானாக ஓடுகிறது. லாகில் எர்ரர் இருக்கிறதா என்பதைவிட, இங்கே எத்தனை, அங்கே எத்தனை என்ற இந்தக் கணக்கைத்தான் நான் காலையில் முதலில் பார்க்கிறேன்.